வெயில் மிகுந்த ஊரில் நிறக்கண்ணாடி

நிறக்கண்ணாடி வேலை என்பது, நிறமூட்டப்பட்ட கண்ணாடித் தகடுகளை ஒரு சித்திரத்தின் கோடுகளுக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகளை ஈயச் சட்டத்தாலோ செப்பு நாடாவாலோ ஒன்றோடொன்று இணைத்து, வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தத்தக்க ஒரு பலகமாக ஆக்கும் கைவினை ஆகும். இதில் நிறம் கண்ணாடியின் மேல் பூசப்படுவதில்லை. உலையில் மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிக் குழம்பாக இருக்கும்போதே சேர்க்கப்படும் உலோகச் சேர்மங்களால் அது கண்ணாடியின் உடலோடு ஒன்றிவிடுகிறது. கோபால்ட் சிறிதளவு சேர்ந்தால் ஆழ்ந்த நீலமும், மாங்கனீசு சேர்ந்தால் கத்தரிப்பூ நிறமும், இரும்பு சேர்ந்தால் பச்சையும் கிடைக்கின்றன. செம்பு, உலையின் நிலைக்கேற்பப் பசுநீலமாகவோ சிவப்பாகவோ மாறுகிறது. மிக நுண்ணிய அளவு தங்கம் சேர்த்துப் பக்குவமாகச் சூடேற்றினால் மாதுளை முத்தின் சிவப்பு வருகிறது. இவ்வாறு பிறந்த நிறம் வெயிலில் வெளுப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சாளரங்களின் நீலம் இன்றும் நீலமாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த விளக்கம் தொடக்கத்திலேயே வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் 1990களிலும் அதற்குப் பின்னும் பரவலாக இருந்த ‘கிளாஸ் பெயின்டிங்’ என்னும் பொழுதுபோக்கு, வெற்றுக் கண்ணாடியின் மேல் கறுப்பு லைனரால் கோடு இழுத்து, கோடுகளுக்கு இடையே குழாயிலிருந்து வண்ணத்தைப் பிதுக்கி நிரப்புவது. பார்வைக்கு அது நிறக்கண்ணாடி போலவே தோன்றும். ஆனால் அந்த வண்ணம் ஒரு பூச்சு மட்டுமே என்பதால், மேற்கு நோக்கிய சன்னலில் சில கோடைகளைக் கடந்தபின் சிவப்பு வெளிறிவிடும், ஓரம் உரியத் தொடங்கும். அதைக் குறைத்து மதிப்பிடவேண்டிய தேவை இல்லை. பூசை அறைக் கதவுகளையும் வரவேற்பறைச் சுவர்களையும் அது நிறையவே அழகுபடுத்தியிருக்கிறது. இருப்பினும் விற்பனைக்கு வைக்கும்போது ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்பது, வாங்கியவர் இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்து கேட்கும் கேள்விக்கு விடை இல்லாமல் செய்துவிடும்.

கண்ணாடி தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில், மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்வதற்கு முன்பும் பின்பும் கிடைத்துள்ள கண்ணாடி மணிகள், குழாயாக இழுத்து நறுக்கும் நுட்பத்தில் செய்யப்பட்டவை. இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருந்தன. சேரநாட்டு முசிறித் துறைமுகத்துக்கு யவனர் கலங்கள் கொண்டுவந்த சரக்குகளிலும் கண்ணாடி இருந்தது. (பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்த அந்த முசிறியைக் இவ்வுரை கருதும் ஊரான, திருச்சி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் உள்ள முசிறியோடு சேர்த்துப் பெருமை பேசுவோர் இன்னும் இருக்கின்றனர், இவ்வூரின் பெருமைக்குக் கோரையும் வாழையும் போதும்.) ஆனால் மணியாகவும் வளையலாகவும் இருந்த கண்ணாடி, சட்டத்தில் அமர்ந்து வெளிச்சத்தைச் சலிக்கும் சாளரமாக இப்பகுதிக்கு வந்தது பெரும்பாலும் கிறித்தவ ஆலயங்களின் வழியாகத்தான். திருச்சியில் தெப்பக்குளத்துக்கு அருகே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையினர் கோத்திக் பாணியில் எழுப்பிய லூர்து அன்னை ஆலயம் இதற்கு அண்மையிலுள்ள சான்று. சென்னைச் சாந்தோம் பேராலயத்தின் தோமையார் சாளரம் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் பட்டறையிலிருந்து வந்தது; கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்து மேற்குச் சாளரத்தை 1880இல் எட்வர்ட் பர்ன் ஜோன்ஸ் வடிவமைத்தார்; தெலங்கானாவின் மேதக் பேராலயத்தில் உள்ளவை பிராங்க் சாலிஸ்பரி என்னும் ஆங்கில ஓவியருடையவை. எல்லாம் கப்பலேறி வந்தவை. அவற்றைச் செய்த கைகள் இந்நாட்டு வெயிலைப் பார்த்தவை அல்ல என்பதே இவ்வுரையின் நோக்கத்துக்கு முக்கியமான செய்தி.

நிறக்கண்ணாடியில் பாதி வேலையைக் கண்ணாடி செய்கிறது என்றால் மறுபாதியைக் கதிரவன் செய்கிறது. பிரான்சின் சார்த்ர் பேராலயம் வடக்கே 48 பாகையில் இருக்கிறது. அங்கே மார்கழி மாத நண்பகலில் கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்து வரும் அந்த மெலிந்த ஒளி தெற்குச் சாளரத்தின் வழியே நேராக உட்புகுந்து எதிர்த் தூண் வரை நிறத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முசிறி இருப்பதோ ஏறத்தாழ 11 பாகையில். இங்கே ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியிலேயே நிற்கிறது. மார்கழியின் மிகத் தாழ்ந்த நண்பகலிலும் அது 55 பாகைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஆகவே செங்குத்தான சன்னலில், அதிலும் மேலே சன்ஷேடு நீட்டியிருக்கும் சன்னலில், நண்பகல் வெயில் நேராக விழுவதே அரிது. அதன் வழியே வருவது வானத்தின் பரவொளியும் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெள்ளொளியும்தான். கிழக்குச் சன்னலுக்குக் காலையில் ஓரிரண்டு மணி நேரமும் மேற்குச் சன்னலுக்கு மாலையில் அதே அளவும் நேரடி வெயில் கிடைக்கிறது. வெளிர்நிறக் கண்ணாடியை இவ்வூர்ப் பரவொளிக்கு எதிரே வைத்தால் அது நிறமற்றதுபோல் கூசும்; இங்கிலாந்தில் இருட்டடிப்பதாக ஒதுக்கப்படும் ஆழ்ந்த நீலமும் அரக்கும் இங்கே சரியாக நிற்கும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர் முதல் பலகத்திலேயே இதை உணர்வார். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு தகட்டையும் கடையின் டியூப்லைட்டில் மட்டும் பாராமல் வாசலுக்குக் கொண்டுபோய், வானத்துக்கு எதிரே ஒருமுறையும் வெள்ளைச் சுவருக்கு எதிரே ஒருமுறையும் பிடித்துப் பார்ப்பது நல்லது.

சாளரத் தொழிலாக இருந்த ஒன்று வீட்டு மேசைக்கு வந்த வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஐரோப்பியப் பழைய முறையில் கண்ணாடித் துண்டுகள் ஈயச் சட்டத்தில் பொருத்தப்பட்டன. ஈயச் சட்டம் என்பது குறுக்குவெட்டில் ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போல் இருபுறமும் பள்ளம் கொண்ட மெல்லிய ஈயக் கம்பி. துண்டின் ஓரம் அப்பள்ளத்தில் அமர, சந்திப்புகள் மட்டும் பற்றவைக்கப்பட்டு, இடுக்குகளில் சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த பசை அடைக்கப்படும். பெரிய சாளரத்துக்கு இம்முறை இன்றும் சிறந்தது. சிறு பொருளுக்கு மிகத் தடிப்பானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஜான் லா பார்ஜ், லூயிஸ் கம்பர்ட் டிஃபனி ஆகியோரின் பட்டறைகளில், துண்டின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, நாடாவோடு நாடாவைப் பற்றவைக்கும் முறை பெருவழக்காயிற்று. நகக்கண் அளவுள்ள துண்டையும் இம்முறையில் இணைக்கலாம். வளைந்த விளக்குக் குடைகளையும் கட்டலாம். டிஃபனியின் பெயரில் உலகெங்கும் விற்ற விளக்குகளில் பலவற்றை வடிவமைத்தவர் அவரது நியூயார்க் பட்டறையின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கிளாரா டிரிஸ்கல் என்பது, அவருடைய கடிதங்கள் வெளிப்பட்ட பிறகு, 2007இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியின் வழியாகத்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. திருமணமான பெண்கள் அங்கே வேலையில் நீடிக்க முடியாது என்ற விதியும் அப்போது இருந்தது. இன்று வீட்டிலிருந்தபடி கண்ணாடி வெட்டும் பெண்கள் பயன்படுத்துவது அந்தப் பெண்களின் கைகளில் பழகிய அதே நாடா முறையைத்தான்.

அம்முறையின் படிகளை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். முதலில் சித்திரம் பொருளின் முழு அளவிலேயே வரையப்படுகிறது. அதற்கு இரு படிகள் தேவை. ஒரு படி மேசையில் அடித்தளமாக இருக்கும். மற்றொன்றில் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் நிறமும், கண்ணாடியின் ரேகை ஓடவேண்டிய திசையைக் காட்டும் அம்பும் குறிக்கப்பட்டு, அது வெட்டப்பட்டு மாதிரித் துண்டுகளாகும். இதற்கென உள்ள மூன்று அலகுக் கத்தரிக்கோல், வெட்டும்போதே இரு துண்டுகளுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான கீற்றை நீக்கிவிடுகிறது. அந்த இடைவெளிதான் பிறகு செப்பு நாடாவும் ஈயமும் அமரும் இடம். சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, கடைசியில் பலகம் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று திகைப்பது தொடக்கக்காரர் அனைவருக்கும் பொது.

கண்ணாடியை உண்மையில் யாரும் வெட்டுவதில்லை என்பது அடுத்து விளங்கும் செய்தி. கட்டரின் நுனியிலுள்ள சிறு கார்பைடு சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறலை மட்டும் போடுகிறது; அக்கீறலின் வழியே கண்ணாடி உடைக்கப்படுகிறது. கட்டரில் சிறிது மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ இருக்கவேண்டும். ஓரத்திலிருந்து ஓரம் வரை, நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில், ஒரே முறை கீறவேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை போனால் கண்ணாடி தாறுமாறாக உடைவதோடு சக்கரமும் மழுங்கிவிடும். சரியான கீறல் பட்டுத்துணி கிழிவதுபோன்ற சீரான ஒலியைத் தரும். கோட்டின் மேல் வெள்ளைத் தூள் தெரிந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். நேர்க்கோடும் மென்வளைவும் இவ்வாறு எளிதில் பிரியும். உள்நோக்கிக் குடைந்த வளைவை ஒரே உடைப்பில் எடுக்க முடியாது. அதை மூன்று நான்கு பிறைக் கீறல்களாகப் போட்டு, இடுக்கியால் ஒவ்வொரு பிறையாக விலக்கவேண்டும். செங்கோண உள்மூலை கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. மயிலின் கழுத்தையும் தோகையையும் காகிதத்தில் வரைந்த அதே கோட்டில் கண்ணாடியில் எடுக்க முயல்வோர், பொருளின் இயல்புக்கு எதிராகப் போராடுகின்றனர். தேர்ந்த கைவினைஞர் அந்த வளைவு முடியும் இடத்தில் ஒரு கோட்டைக் கூடுதலாகச் சேர்த்து, ஒரு துண்டை இரண்டாக்கி, அந்தக் கோட்டையே சித்திரத்தின் ஒரு பகுதியாக ஆக்கிவிடுகிறார்.

இதன் தொடர்பில் கோலத்தைப் பற்றி ஒரு சொல். நிறக்கண்ணாடிக்குச் சிக்குக் கோலம் மிகப் பொருத்தமானது என்று எளிதில் தோன்றும். கோலத்தின் இழை ஈயக் கோடாகவும், புள்ளியைச் சூழ்ந்த ஒவ்வோர் அறையும் ஒரு கண்ணாடித் துண்டாகவும் அமையும் அல்லவா? புள்ளியைச் சுற்றிய அறைகளில் சிக்கல் இல்லை. நான்கு சுழிகளுக்கு நடுவே எஞ்சும் வெற்றிடத்தில்தான் தொல்லை இருக்கிறது: நான்கு பக்கமும் உள்நோக்கி வளைந்து நான்கு ஊசி முனைகளோடு முடியும் அந்த விண்மீன் வடிவத்தை எந்தக் கட்டராலும் முழுமையாக எடுக்க முடியாது, எடுத்தாலும் முனைகள் அரைக்கும் சக்கரத்தில் உதிர்ந்துவிடும். அந்த முனைகளைச் சற்றே மழுக்கி, குறையும் இடத்தை ஈயத்தின் தடிப்பால் மறைப்பதுதான் நடைமுறைத் தீர்வு. அப்படிச் செய்த கோலப் பலகம், இறக்குமதியாகும் ரோசாப்பூப் பலகத்தைவிடத் திருவரங்கத்து வீட்டு வாசலுக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

வெட்டிய துண்டின் ஓரம், தண்ணீர் சொட்டிக்கொண்டே சுழலும் வைரத்தூள் சக்கரத்தில் அரைக்கப்படுகிறது. உலர்ந்தபின் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு நாடா ஓரம் முழுவதும் சுற்றி ஒட்டப்பட்டு, இரு முகங்களிலும் சம அளவு மடிக்கப்பட்டு, வழவழப்பான குச்சியால் தேய்த்து அழுத்தப்படுகிறது. கையின் எண்ணெய்ப் பசை நாடாவில் பட்டால் ஈயம் பிடிக்காது. துண்டுகளைப் படத்தின் மேல் அடுக்கி, ஆணிகளால் அசையாமல் நிறுத்தி, பிளக்ஸ் எனப்படும் திரவத்தைத் தடவி, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பியைச் சால்டரிங் இரும்பால் உருக்கி ஓட்டவேண்டும். இக்கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 பாகைக்குள் முழுதும் உருகிவிடுவதால் விரைவில் இறுகும்; தையல் போன்ற அந்தக் கோடு தட்டையாக இல்லாமல் அரைவட்டமாகத் திரண்டு நிற்பதே நல்ல கையின் அடையாளம். பலகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே நேர்க்கோடாக ஓடும் இணைப்பு காலப்போக்கில் கீல்போல் மடிந்துவிடும். ஆகவே கோடுகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கும்படி வரைவது வேண்டும். தொங்கவிடும் வளையத்தை வெளி விளிம்பின் நாடாவில் மட்டும் பற்றவைத்தால், எடை தாங்காமல் நாடாவே கண்ணாடியை விட்டு உரிந்துவரும். உள்ளிருந்து வரும் ஓர் இணைப்புக் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில்தான் அதை வைக்கவேண்டும். விற்ற பொருள் வாங்கியவர் வீட்டில் விழுந்து உடைவது பெரும்பாலும் இந்த ஒரு பிழையால்தான்.

காரீயம் நஞ்சு என்பதை மறைக்கக் கூடாது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. எழும் புகை பெரும்பாலும் பிளக்சினுடையது, அதற்குக் காற்றோட்டம் போதும். உண்மையான ஆபத்து கை வழியாக வாய்க்குப் போவதில் இருக்கிறது. ஆகவே வேலைமேசை சமையலறையில் இருக்கலாகாது. அந்த மேசையில் காப்பி டம்ளரை வைக்கும் பழக்கமும் ஆகாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். கருவுற்றோரும் சிறு குழந்தைகளும் அந்த அறையைத் தவிர்ப்பது நல்லது. காரீயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது. விலை கூடுதல், ஓட்டமும் சற்று முரடு, ஆயினும் குழந்தைகள் கையில் படக்கூடிய பொருளுக்கு அதுவே தக்கது.

விற்பனைக்கு வருமுன், திருச்சி வட்டாரத்தில் ஒளியையும் நிறத்தையும் கைத்திறனாக விற்ற இரு தொழில்கள் எவ்வாறு முடிந்தன என்பதைப் பார்க்கவேண்டும்; நிறக்கண்ணாடியை விற்க நினைப்போர்க்கு வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைவிட இவை நெருங்கியவை.

முதலாவது அபிரக ஓவியம். அபிரகம் என்பது மைக்கா எனப்படும், ஏடு ஏடாகப் பிரியும், ஒளி ஊடுருவும் கனிமம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியின் ஓவியர்கள் உள்ளங்கை அளவுள்ள அபிரக ஏடுகளின் மேல் தொழிலாளர், வண்டி வாகனங்கள், திருவிழா ஊர்வலங்கள், இறைவடிவங்கள் ஆகியவற்றை ஒளிரும் வண்ணங்களில் தீட்டி, தொகுப்புத் தொகுப்பாக ஆங்கிலேயருக்கு விற்றனர். முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகியவற்றோடு திருச்சியும் இத்தொழிலின் மையமாக இருந்தது. அட்டையில் ஒரு முகத்தை மட்டும் வரைந்து, அதன் மேல் வெவ்வேறு ஆடைகள் தீட்டிய அபிரக ஏடுகளை மாற்றி மாற்றி வைத்து விளையாடும் தொகுப்புகளும் அக்காலத்தில் இருந்தன. இன்று அவை லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. திருச்சியில் அத்தொழில் இல்லை. ஊருக்குத் திரும்பும் துரைமாருக்கு மலிவான நினைவுப்பொருள் என்ற ஒரே தேவையின் மேல் அது நின்றது. நிழற்படம் அதைவிட மலிவாக அதே தேவையை நிறைவேற்றியதும் வாங்குவோர் மறைந்தனர். உள்ளூர் வீடுகளில் அதற்கு இடம் ஏதும் உருவாகியிருக்கவில்லை.

இரண்டாவது, இன்றைய முதியோர் பலரும் கண்ணால் கண்ட செயற்கை வைரத் தொழில். பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னய் 1902இல் வெளியிட்ட தீச்சுடர் முறையில் செயற்கை மாணிக்கக் கட்டிகள் உருவாக்கப்பட்டன. அத்தகைய கட்டிகள் சுவிட்சர்லாந்து முதலிய இடங்களிலிருந்து வந்து, திருச்சியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணைகளில் சாணைத்தட்டில் பட்டை தீட்டப்பட்டன. கல்லை அரக்கால் குச்சியில் ஒட்டி, சுழலும் தட்டில் வைத்துக் கண் அளவாலேயே பட்டைகளைப் பிடிக்கும் அந்தத் திறன் குடும்பம் குடும்பமாகக் கைமாறியது. ஜிர்கோனியக் கற்கள் 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்து, பின்னர் சீனத்தில் இயந்திரத்தால் பட்டை தீட்டப்பட்டுக் குவிந்தபோது, அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் காலியாயின. முசிறியின் கோரைப் பாய்க்கும் பிளாஸ்டிக் பாயோடு இதே வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கோரைப் பாய்க்குக் குளிர்ச்சி என்னும் ஒரு வாதம் எஞ்சியிருக்கிறது, திருமணச் சடங்கு என்னும் ஓர் இடமும் எஞ்சியிருக்கிறது. பட்டை தீட்டிய கல்லுக்கு அப்படி எதுவும் எஞ்சவில்லை. எங்கே தீட்டினாலும் அது அதே கல்தான்.

நிறக்கண்ணாடியில் இவ்விரு தொழில்களையும் ஒத்த பகுதி ஒன்று உண்டு. சன்னலில் தொங்கவிடும் பறவை, பட்டாம்பூச்சி, பிறைநிலா போன்ற சிறு தொங்கல்கள் அவ்வகை. இணையச் சந்தையில் இவை எங்கெங்கோ பெருந்தொகையாக உற்பத்தியாகி, உள்ளூர்க் கைவினைஞர் வாங்கும் கண்ணாடியின் விலைக்கே கிடைக்கின்றன. கைப்பழக்கத்துக்கு அவற்றைச் செய்யலாம், நண்பர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குக் கொடுக்கலாம். அவற்றை நம்பி விற்பனையைத் தொடங்குவது மைக்கா ஓவியர் நின்ற அதே இடத்தில் போய் நிற்பதாகும். கண்ணாடியின் மூலப்பொருளே தொலைவிலிருந்து வருகிறது என்பதையும் எண்ணவேண்டும். கலைவேலைக்கான கண்ணாடித் தகடுகளைச் செய்யும் ஆலைகள் உலகில் சிலவே. அமெரிக்காவில் பொழுதுபோக்காளர் பெரிதும் நம்பியிருந்த ஸ்பெக்ட்ரம் ஆலை 2016இல் மூடப்பட்டபோது பல நாடுகளில் இத்தொழில் தடுமாறியது. பிரிட்டனில் வாயால் ஊதித் தகடு செய்யும் தொழில் 2023இல் அழிந்த கைவினைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் பிரோசாபாத் கண்ணாடி நகரமாக இருப்பினும் அதன் பெரும்புகழ் வளையலிலும் விளக்கிலும்தான் இருக்கிறது. ஆகவே தகட்டை வாங்கும்போது ஒரே பலகத்துக்குத் தேவையானதை ஒரே தவணையில், பத்தில் இரண்டு பங்கு கூடுதலாக வாங்கி வைப்பது அறிவுடைமை. அடுத்த முறை அதே நிறம் வரும் என்பதற்கு உறுதியில்லை.

விலை வைப்பதில் பரப்பளவைவிடத் துண்டுகளின் எண்ணிக்கையே முதன்மையானது. கண்ணாடிக் கடையில் சதுர அடிக் கணக்கில் பழகிய வாடிக்கையாளர் இதையும் அவ்வாறே கேட்பார். ஆனால் ஒரு சதுர அடியில் 12 துண்டுகள் உள்ள பலகமும் 60 துண்டுகள் உள்ள பலகமும் ஒன்றாகா. ஒவ்வொரு துண்டும் வெட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, நாடா சுற்றப்பட்டு, இருபுறமும் பற்றவைக்கப்படவேண்டும். கணக்குக்காக ஒரு துண்டுக்கு எல்லாப் படிகளும் சேர்த்து 15 நிமிடம் என்று கொண்டால், 40 துண்டுகளுக்கு 10 மணி நேரம் ஆகிறது; அது ஒரு நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. உடைந்துபோன துண்டுகள், தேய்ந்த சக்கரம், மின்சாரம், சட்டம், பொதி ஆகியவை அதற்கு மேல். வீட்டில் இருந்து செய்வதால் நேரத்துக்குக் காசில்லை என்று நினைத்து விலையைத் தாழ்த்துவோர் தமக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. பக்கத்து ஊரில் அதே வேலையைப் பிழைப்பாகச் செய்பவரின் விலையையும் உடைக்கின்றனர். கூலி வேண்டாதவர் அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம். விற்பதாக இருந்தால் முழு விலைக்கு விற்பதே முறை.

அரசு சார்ந்த ஏற்பாடுகளை விரைந்து சொல்லிவிடலாம். உத்யம் பதிவு கட்டணமின்றி இணையத்தில் முடியும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்போர்க்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. இணையச் சந்தைகளின் வழியே மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்க்கும் 2023 அக்டோபர் முதல் நிபந்தனைகளோடு இவ்விலக்கு உண்டு. 1973இல் தொடங்கப்பட்ட பூம்புகார் என்னும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையம் திருச்சியிலும் இருக்கிறது. தனியார் கடைகள் பெரும்பாலும் பொருளை வாங்கிக்கொள்வதில்லை; விற்ற பின்பே பணம் என்னும் ஏற்பாட்டில் அடுக்கில் வைத்துக்கொள்கின்றன. அங்கே உடைந்தால் இழப்பு யாருடையது என்பதை எழுத்தில் பெறாமல் கண்ணாடியை ஒப்படைப்பது துணிச்சல். கூரியரில் அனுப்பும்போது பலகத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே பொதியவேண்டும். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி தன் எடையைத் தாங்கும், படுத்த கண்ணாடியோ வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் நடுவில் வளையும்.

உள்ளூரிலேயே நிற்கத்தக்க வேலை இரண்டு வகை. ஒன்று, வீட்டின் குறிப்பிட்ட ஒரு திறப்புக்கு அளவெடுத்துச் செய்வது: தலைவாசலுக்கு மேலுள்ள வெளிச்சத் திறப்பு, மாடிப்படிச் சன்னல், பூசையறைக் கதவு. கிழக்கா மேற்கா, எதிரே மரமா சுவரா, சன்ஷேடு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் நேரில் வந்து பார்த்த பிறகே நிறம் முடிவாகும் என்பதால், இதை எந்தத் தொலைநாட்டு ஆலையும் செய்து அனுப்ப முடியாது. மேற்கு நோக்கிய பெரிய பலகத்தில், பகலில் விரிந்து இரவில் சுருங்கும் ஈயம் சில பத்தாண்டுகளில் பலகத்தைப் பிதுங்கச் செய்யும். ஆகவே அகலமான திறப்பைப் பல சிறு பலகங்களாகப் பிரித்து, நடுவே இரும்புக் குறுக்குக் கம்பிகளைக் கொடுப்பது இவ்வெயிலுக்கு ஏற்றது.

மற்றொன்று பழுதுபார்ப்பு, அதுவே வருங்காலத்தில் பெரிதாகும் என்று கருத இடமுண்டு. ஈயச் சட்டத்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1890களையும் 1900களையும் ஒட்டித் தமிழ்நாட்டு ஆலயங்களில் வைக்கப்பட்ட சாளரங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. செட்டிநாட்டு வீடுகளின் வளைவுகளில் உள்ள வண்ணக் கண்ணாடிகளும், காவிரிக்கரை ஊர்களின் பழைய மச்சு வீடுகளில் சன்னலுக்கு மேலே பச்சையும் நீலமும் சிவப்புமாக அமர்ந்திருக்கும் சில்லுகளும் ஒவ்வொன்றாக உடைய, அவ்விடங்களில் அட்டையும் தகரமும் ஏறுகின்றன. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் நிறக்கண்ணாடிச் சாளரங்களை மீட்டவர் அந்நகரத்துக் கலைஞரான சுவாதி சந்த்கட்கர். அத்தகைய கைகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெரிய ஆலயச் சாளரத்தைப் பொழுதுபோக்காளர் தொடக்கூடாது. அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் நான்கு சில்லுகள் உடைந்த வீட்டுச் சன்னல் அவர் கைக்கு எட்டியதே.

அவ்வேலை தொடங்கும் முறை எளிது. சன்னலைக் கழற்றுவதற்கு முன் அதன் மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சில் கரியால் தேய்த்து, ஈயக் கோடுகள் அனைத்தையும் தாளில் பதித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் எண் கொடுத்து, இருபுறமும் ஒளிப்படம் எடுக்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள பழைய கண்ணாடியை, புதியது பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது; கையால் செய்த பழைய தகட்டின் குமிழியும் அலையும் இன்றைய மிதவைக் கண்ணாடியில் வாரா. உடைந்த சில்லின் துண்டுகளைத் தூக்கியெறியாமல் ஓர் உறையில் இட்டு எண் எழுதி வைத்தால், நிறம் ஒப்பிடவும் பின்னால் வருபவர் சரிபார்க்கவும் உதவும். முன்பணமாகப் பாதித்தொகையும், கழற்றும்போது கூடுதலாக உடையக்கூடிய சில்லுகளுக்குத் தனிக் கணக்கும் உண்டு என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே முதல் ஆணியைப் பிடுங்கவேண்டும்.